எச்சமும் முற்றும்: கணினிக் கதைவிளையாட்டு ஒன்றின் முடிவு குறித்து

‘முடி’ என்னும் வினை தமிழில் இரு வடிவங்களில் வழங்குகிறது. ‘முடிந்தது’ என்பதில் செய்வோன் வேண்டப்படுவதில்லை. ‘முடித்தான்’ என்பதிலோ செய்வோன் இன்றித் தொடரே அமையாது. கணினி விளையாட்டு ஆடுவோர் பேச்சில் இவ்விரு வடிவங்களும் தெளிவான பொருள் வேறுபாட்டுடன் பயில்கின்றன. ஒரு விளையாட்டை இறுதிவரை ஆடியவர் ‘நான் முடிச்சுட்டேன்’ என்கிறார். இது பெருமிதக் கூற்று. சில விளையாட்டுகளைப் பற்றி மட்டும், அவற்றைப் பல நாள் முயன்று ஆடி முடித்த அதே மனிதர், ‘சப்புன்னு முடிஞ்சிருச்சு’ என்கிறார். சினம் மிகுந்தால் ‘முடிச்சுட்டாங்க’ என்பார். எழுவாய் தன்னிடமிருந்து நழுவி, முதலில் கதைக்கும் பின்னர் யாரோ சிலருக்கும் உரியதாகிவிடுகிறது.

பெங்களூரின் விவேக் நகர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா முதலிய பகுதிகளில் தமிழ் பேசும் இளைஞரிடையே இவ்வழக்குகளை எளிதில் கேட்கலாம். விவேக் நகரின் குழந்தை இயேசு ஆலயத்தில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் வழிபாடு நடைபெறுவது அப்பகுதியின் மொழிநிலையைக் காட்டும். அங்கு வளரும் இளைஞர் ஆடும் விளையாட்டின் திரைமொழி பெரும்பாலும் ஆங்கிலமே. தெருவிலும் கடையிலும் வழங்குவது கன்னடம். ஆனால் விளையாட்டில் தமக்கு நேர்வதைத் தமக்குள்ளும் அருகில் இருப்பவரிடமும் சொல்லிக்கொள்ளும்போது தமிழ் வந்துவிடுகிறது. அத்தமிழில் வினைமுற்றின் விகுதி எப்போதும் யாரைச் சுட்டுகிறது என்பது இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி. அதன் துணைகொண்டு, மிகச் சிறந்ததென மதிக்கப்படும் ஒரு மாயக்கதை விளையாட்டின் முடிவு ஏன் ஏமாற்றம் தருகிறது என்பது இங்கு ஆராயப்படுகிறது. எடுத்துக்கொண்ட விளையாட்டு, அமெரிக்க நிறுவனமான அப்சிடியன் எண்டர்டெயின்மெண்ட் உருவாக்கி 2006 அக்டோபர் இறுதியில் வெளியான ‘நெவர்விண்டர் நைட்ஸ் 2’.

பாத்திரமும் தன்மை இடமும்

இவ்வகை விளையாட்டு பாத்திரமேற்று ஆடுவது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு இதன் மூலம். அதில் கதையை நடத்துபவர் ஒருவர் இருப்பார், ஆடுவோரை நோக்கி, ‘நீ குகைக்குள் நுழைகிறாய், எதிரே இரு வழிகள் உள்ளன, என்ன செய்கிறாய்?’ என முன்னிலையில் வினவுவார். ஆடுவோர் ‘இடப்பக்கம் போகிறேன்’ எனத் தன்மையில் விடையளிப்பர். முன்னிலை வினாவும் தன்மை விடையுமாகவே கதை வளரும். கணினிக்கு வந்தபின் நடத்துபவரின் இடத்தை நிரல் எடுத்துக்கொண்டது, இடஅமைப்பு மாறவில்லை.

தமிழில் இவ்வமைப்பு மேலும் தெளிவாகப் புலப்படுகிறது. ‘செத்துட்டேன்’, ‘மாட்டிக்கிட்டேன்’, ‘அவன நான்தான் காப்பாத்துனேன்’ என்று ஆடுவோர் கூறுகையில், திரையில் வாளேந்தி நிற்கும் உருவமும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதரும் ‘-ஏன்’ என்னும் ஒரே விகுதிக்குள் அடங்கிவிடுகின்றனர். பெண் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்த ஆண் ஒருவர் பேசினாலும் இதில் இடர்ப்பாடு எழுவதில்லை. தமிழ் வினைமுற்று படர்க்கையில்தான் பால் காட்டும், தன்மையில் காட்டாது. எனவே ஆடுவோருக்கும் பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு, அவர் ‘நான்’ என்று சொல்லும் வரை இலக்கணத்தில் வெளிப்படுவதே இல்லை. அவர் படர்க்கைக்கு மாறும் கணத்தில் ‘அவனா, அவளா’ என்னும் வினாவும் உடன் எழுகிறது. பாத்திரம் வேறு, தான் வேறு என்னும் பிளவு அங்கே சொல்லளவில் உறுதியாகிவிடுகிறது.

தெருக்கூத்தில் இதற்கு எதிர்த்திசையான நகர்வைக் காணலாம். திரைக்குப் பின்னின்று நுழையும் வேடக்காரர் முதலில் தம் பாத்திரத்தைப் படர்க்கையில் பாடி அறிமுகம் செய்கிறார். பின்னரே ‘நான்’ எனப் பேசத் தொடங்குகிறார். படர்க்கையிலிருந்து தன்மைக்கு ஏறுவது பார்வையாளருக்கு இன்பம் தருகிறது. தன்மையில் பல மணி நேரம் வாழ்ந்தவரைப் படர்க்கைக்கு இறக்குவது வேறு செய்தி.

நெவர்விண்டர் நைட்ஸ் 2: இறுதிக்கு முன்வரை

கதை சதுப்பு நிலத்தை ஒட்டிய வெஸ்ட் ஹார்பர் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. தாயை இழந்து, டேகன் என்னும் எல்ஃப் இனத்தவரால் வளர்க்கப்பட்ட இளைஞர் ஒருவர் (ஆணோ பெண்ணோ ஆடுவோரின் தேர்வு) அறுவடை விழாவின் இரவில் ஊர் தாக்கப்படுவதைக் காண்கிறார். தாக்கியோர் தேடுவது வெள்ளிவாள் ஒன்றின் உடைந்த சில்லு. அத்தகைய சில்லொன்று குழந்தைப் பருவத்திலேயே தம் மார்பில் தைத்திருப்பதை அவர் பின்னர் அறிகிறார். அவர் நெவர்விண்டர் நகரம் சென்று, காவலர் படையிலோ கள்வர் கூட்டத்திலோ தம் விருப்பப்படி சேர்ந்து படிப்படியாக உயர்கிறார்.

இவ்விளையாட்டின் சிறப்பு சண்டையில் இல்லை, பேச்சில் உள்ளது. ஒவ்வோர் உரையாடலிலும் இணக்கம், பொய், அச்சுறுத்தல் எனப் பேச்சின் வகை சுட்டப்பட்டிருக்கும்; பாத்திரம் வளர்த்துக்கொண்ட திறனுக்கேற்ப அது பலிக்கும் அல்லது பொய்க்கும். சொல்லால் செயல் நிகழ்த்துவதைப் பற்றி மொழியியலார் எழுதுவதை, ஆடுவோர் நடைமுறையில் கற்கிறார் எனலாம். இதன் உச்சம் வழக்கு மன்றக் காட்சி. எம்பர் என்னும் சிற்றூரின் மக்களைக் கொன்றதாகக் கதைத்தலைவர் மீது பொய்க்குற்றம் சாட்டப்படுகிறது. அழிந்த ஊருக்குச் சென்று சான்று தேட வேண்டும், சாட்சியரைப் பேசவைக்க வேண்டும், மன்றத்தில் எதிர்வாதியின் சொல்லை அவருக்கு எதிராகத் திருப்ப வேண்டும். கணினி விளையாட்டுகளில் வாளின்றி இவ்வளவு பதற்றத்தைத் தோற்றுவித்த காட்சிகள் மிகச் சிலவே.

எனினும் மன்றம் அளிக்கும் தீர்ப்பு எதுவாயினும், வழக்கு இறுதியில் இருவர் பொருதித் தீர்க்கும் போரில்தான் சென்று முடிகிறது. ஆடுவோர் சொல்லால் வென்றதை உருவாக்கியோர் வாளிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். முதல் முறை ஆடுபவர் இதைப் பெரிதாகக் கருதுவதில்லை. முடிவைக் கண்டபின் திரும்பிப் பார்ப்பவருக்கு, பின்னர் நேரவிருந்தது இங்கேயே தலைகாட்டியது தெரியும்.

அடுத்து அவருக்குக் கிராஸ்ரோட் கோட்டை வழங்கப்படுகிறது. இடிந்து கிடக்கும் அக்கோட்டையின் மதிலைக் கட்டுவது, வீரரைச் சேர்ப்பது, அவர்களுக்குப் பயிற்சியும் படைக்கலமும் தருவது, வணிகர் வரும் பாதையைக் காப்பது என அனைத்தும் ஆடுவோரின் பொறுப்பு. பகைவர் முற்றுகையிடும் இரவில் அவர் முன்பு செய்தவை யாவும் கணக்கில் வருகின்றன. உடன் வரும் தோழரிடமும் இத்தகைய கணக்கு உண்டு. குள்ளர் இனத்துக் கெல்கர், கள்ளத்தனம் மிக்க நீஷ்கா, ஒருவரையொருவர் வெறுக்கும் மந்திரவாதிகளான சாண்டும் காராவும் ஆகிய ஒவ்வொருவரும் கதைத்தலைவரின் சொல்லையும் செயலையும் மனத்தில் குறித்துக்கொள்கின்றனர். இறுதிப் போரின் வாயிலில் யார் உடன் நிற்பர், யார் எதிரணி சேர்வர் என்பது இக்கணக்கைப் பொறுத்தது. நாற்பது, ஐம்பது மணி நேரத்துக்கு முன் அலட்சியமாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு அங்கே விலை கொடுக்க நேர்கிறது. கதையின் எதிரியான ‘நிழல்களின் அரசன்’ கூட வெறும் அரக்கன் அல்லன். இல்லெஃபார்ன் என்னும் பழம்பேரரசைக் காக்கத் தன் மனித உருவைத் துறந்து, காவல் ஒன்றே உயிராக எஞ்சி, அக்காவலே நஞ்சாகத் திரிந்தவன். இத்தகைய எதிரியைப் படைத்தவர்கள் கதைநுட்பம் அறியாதவர்கள் அல்லர்.

அதன்பின் அரசன் வீழ்கிறான். அவன் இருந்த கட்டடம் இடிந்து சரிகிறது. திரையில் அசையாப் படங்கள் சில தோன்ற, கதை சொல்லும் குரல் ஒன்று நாட்டின் பின்னிலையைச் சுருக்கமாக உரைக்கிறது. கதைத்தலைவரும் தோழரும் என்ன ஆயினர் என்பது தெளிவாவதில்லை. பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது.

வினைமுதல் முடிபு

இக்குறையை ‘அவசர முடிவு’ என்று சொல்லி விடுவது எளிது. விமரிசகர் பலரும் அவ்வாறே கூறினர். ஆனால் அவசரம் என்பது அளவைக் குறிக்கும் சொல். இங்குள்ள பிழை அமைப்பில் உள்ளது. அதை விளக்கத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வினையியல் பெரிதும் துணைசெய்கிறது.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளைத் தொகுத்துரைத்து, அவற்றுள் ‘செய்து’, ‘செய்யூ’, ‘செய்பு’ என்னும் முதல் மூன்றும் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என வரையறுக்கிறார். உண்டவனே வந்தவனாக இருந்தால்தான் ‘உண்டு வந்தான்’ அமையும். ‘செய’ முதலிய ஏனைய எச்சங்கள் பிறிதொரு வினைமுதலின் வினையைக் கொண்டும் முடியலாம். ‘மணி அடிக்கப் பிள்ளைகள் எழுந்தனர்’ என்பது பிழையன்று. தமிழ்த்தொடரில் எச்சங்கள் எத்தனை அடுக்கினாலும் காலமும் இடமும் பாலும் இறுதி முற்றில்தான் வெளிப்படும். கேட்போர் அம்முற்றை எதிர்நோக்கியே அனைத்தையும் நினைவில் தாங்கிக்கொண்டிருப்பர்.

இவ்விளையாட்டைத் தமிழ்த்தொடர் ஒன்றாக எழுதிப் பார்க்கலாம். ஊரைவிட்டு நீங்கி, சதுப்பு நிலம் கடந்து, நகர் சேர்ந்து, சில்லுகளைத் தேடிச் சேர்த்து, பழி சுமந்து, மன்றத்தில் வழக்காடி, கோட்டை பெற்று, மதில் கட்டி, தோழரை இணக்கி, முற்றுகையைத் தாங்கி, அரசனை வென்று, கட்டடம் இடிந்தது.

தமிழறிந்த எவரும் இத்தொடரை ஏற்கமாட்டார். பதினொரு ‘செய்து’ எச்சங்களும் ‘நான்’ என்னும் வினைமுதலைச் சுமந்து வந்து, தமக்குரிய முற்றைக் காணாமல் நிற்கின்றன. ‘கட்டடம் இடிந்தது’ தன்னளவில் முழுமையான முற்றே. ஆனால் அது கட்டடத்தின் முற்று. விவேக் நகர் இளைஞர் ‘முடிச்சேன்’ என்னாது ‘முடிஞ்சிருச்சு’ என்பதன் காரணம் இதுவே. அவர் சொல்வது விமரிசனம் என்றே கொள்ளத்தக்கது. அதுவும் பிழை நேர்ந்த இடத்தைத் துல்லியமாகச் சுட்டும் விமரிசனம்.

இங்கு ஒரு தடை எழக்கூடும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என வழங்குகிறோமே. அங்கே பெய்தது மழை, நிறைந்தது குளம். உரையாசிரியர் இத்தகைய வழக்குகளை எச்சத்திரிபு எனக் கொண்டு, ‘செய்து’ என்பது ‘செய’ என்பதன் பொருளில் நின்றதாக அமைதி கூறினர். காரண காரியத் தொடர்பு வலுவாக இருப்பின் வினைமுதல் மாறலாம். அரசன் அழிந்தமையால் கட்டடம் இடிந்தது என்பதும் காரண காரியம்தானே எனில், ஆம். ஆனால் அக்காரணத்தொடர் அரசனிலிருந்து கட்டடத்துக்குச் செல்வது. ஆடுவோரின் பேச்சும் தோழமையும் கோட்டையும் அதில் எவ்விடத்தும் காரணமாகப் புகவில்லை. மதிலைக் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் அதே கூரைதான் சரிகிறது.

இரண்டாம் தடை, துன்ப முடிவைப் பற்றியது. ஆடுவோர் வெற்றியை விரும்புவோர்; தலைவர் மாய்ந்ததால்தான் மனம் கசந்தனர் எனக் கூறுவோர் உளர். 1999இல் வெளியான ‘பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்’ இக்கூற்றை மறுக்கிறது. அதன் பெயரற்ற தலைவன் தன் இறவாமையின் காரணத்தைத் தேடி அலைந்து, அதைக் கண்டறிந்து, தன் முற்பிறவிகள் செய்த தீவினைக்கு ஈடாக நரகப் போர்க்களத்துக்குச் செல்கிறான். இதனினும் கொடிய முடிவு அரிது. ஆயினும் பாத்திரமேற்கும் விளையாட்டுகளின் மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. அங்கு இறுதிச் சொல் ‘செல்கிறேன்’ என்பதாக இருக்கிறது.

மூன்றாவது காரணமாக அசையாப் படங்கள் சுட்டப்படுகின்றன. பணமும் காலமும் போதாமல் படங்களைக் காட்டிச் சமாளித்தனர் என்பர். இதற்கு விடை இதே நிறுவனத்திடமே உள்ளது. 2007இல் வந்த விரிவாக்கமான ‘மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்’, இடிபாட்டுக்குப்பின் கதைத்தலைவர் தொலைதூர நாடான ராஷமெனில் ஒரு புதைமேட்டுக்குள் கண்விழிப்பதில் தொடங்குகிறது. அவர் மார்பிலிருந்த சில்லு அகற்றப்பட்டிருக்கிறது. அதன் இடத்தில் ஆன்மாக்களை உண்ணும் பசியொன்று குடியேறுகிறது. இதன் முடிவிலும் படங்களும் குரலும்தான். ஆனால் அப்பசியைத் தலைவர் அடக்கினாரா, ஒழித்தாரா, அதற்கு இரையாகி வளர்ந்தாரா என்பதற்கேற்ப அக்குரல் வேறுவேறு கதைகளைச் சொல்கிறது. தோழர் ஒவ்வொருவரின் வாழ்வும் ஆடுவோரின் செயலோடு பிணைத்து உரைக்கப்படுகிறது. இம்முடிவைக் குறை கூறியோர் மிகச் சிலர். சாதனம் ஒன்றே; வினைமுதல் மட்டும் வேறு.

பாத்திரம் மாய்ந்தபின் படர்க்கைக் குரல் கதையைத் தொடர்வதே கூடாது என இதனால் கொள்ளவேண்டியதில்லை. தொல்காப்பியரும் ‘செய்து’ எச்சத்துக்கு ஒரு விலக்கு அளிக்கிறார். சினையின் வினை முதலின் வினையைக் கொண்டு முடியலாம். ‘கால் ஒடிந்து விழுந்தான்’ என்பதில் ஒடிந்தது கால், விழுந்தவன் ஆள். பாத்திரத்தை ஆடுவோரின் சினையாகக் கருதினால், பாத்திரம் வீழ்ந்தபின்னும் முதலாகிய ஆடுவோருக்குரிய முற்று ஒன்று இருக்க இடமுண்டு. அவர் கட்டிய கோட்டையில் யார் வாழ்கின்றனர், அவர் மன்னித்த பகைவன் என்ன செய்தான் என்பன அத்தகையவை. நெவர்விண்டர் நைட்ஸ் 2 இவ்வழியையும் சரிவரப் பயன்கொள்ளவில்லை.

முடிவுக்குப் பின் எழுதப்படும் முடிவு

முடிவில் நிறைவுறாத வாசகருக்காக ஆசிரியர் மீண்டும் எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, வாசகர் பலர் குறைபட்டனர். அதற்கு விடையாகக் கல்கி முடிவுரை ஒன்று எழுதி, கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்பதை விளக்க நேர்ந்தது. இங்கு உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. கதையின் பெரும் திருப்பமான முடிசூட்டில் அருள்மொழி தனக்குரிய முடியைச் சிற்றப்பனுக்குத் தன் கையாலேயே அளிக்கிறான். வாசகரின் எதிர்பார்ப்பை முற்றாகப் புரட்டும் இச்செயல் ஏற்கப்பட்டது. ஐந்தாம் பாகத்தின் பெயரே அச்செயலைப் போற்றுகிறது. வினாக்கள் எழுந்தது, செய்து முடிக்கப்படாத வினைகளை உடைய ஏனைய மாந்தரைப் பற்றியே. ஆதித்த கரிகாலன் கொலை இன்றளவும் பேசப்படுவதற்கும் அங்கே வினைமுதல் ஐயத்துக்கு இடமாக விடப்பட்டதே காரணம். அது வாசகரின் ‘நான்’ அன்று. ஆகவே அவ்வையம் சுவையாகவே நிலைத்துவிட்டது.

2012 மார்ச்சில் வெளியான ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்னும் விண்வெளிக் கதைவிளையாட்டின் முடிவு உலகெங்கும் எதிர்ப்பை எழுப்ப, பயோவேர் நிறுவனம் அவ்வாண்டு ஜூனில் விரிவாக்கிய முடிவொன்றைக் கட்டணமின்றி வெளியிட்டது. மூன்று விளையாட்டுகளில் சேர்த்த தேர்வுகள் யாவும் கடைசியில் சில வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதாகச் சுருங்கியதே சினத்தின் வேர். கூடுதல் காட்சிகள் தோழரின் கதியைச் சொல்லின. வேரை அவை தொடவில்லை. கல்கியின் முடிவுரையைப் போன்றே அதுவும் அறிவிப்பாகத்தான் அமைந்தது. நாவல் வாசகருக்கு அறிவிப்பு போதுமானது. அவர் கேட்டது ‘என்ன ஆயிற்று’ என்பதே. ஆடியவர் கேட்பதோ ‘நான் செய்தவை என்ன ஆயின’ என்பது.

இந்தியாவிலிருந்து வந்த மாயக்கதை விளையாட்டுகளுள் குறிப்பிடத்தக்கதான ‘ராஜி: ஆன் ஏன்ஷியண்ட் எபிக்’ (2020), பூனாவின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கியது. அது பாத்திரமேற்கும் வகையினது அன்று. சண்டையும் தாவலும் மிக்கது. அரக்கர் கவர்ந்துசென்ற தம்பியைத் தேடிச் செல்லும் கழைக்கூத்துப் பெண்ணின் கதையைத் துர்க்கையும் திருமாலும் உரையாடிச் சொல்கின்றனர். கோட்டைச் சுவரோவியங்களின் அழகு எங்கும் பாராட்டப்பட்டது; கதை திடுமென அறுந்துவிடுகிறது என்னும் குறையும் உடன் எழுந்தது. அங்குத் தெய்வங்கள் தொடக்கம் முதலே ராஜியைப் படர்க்கையில்தான் பேசுகின்றன. ஆடுவோர் முழுமையாக ‘நான்’ ஆவதில்லை. ஆதலின் ஏமாற்றமும் நாவல் வாசகரின் ஏமாற்றத்தை ஒத்தே அமைகிறது. இடஅமைப்பு வேறாயின் குறையின் தன்மையும் வேறாகும் என்பதற்கு அது நல்ல சான்று.

நெவர்விண்டர் நைட்ஸ் 2, புதுக்கிய பதிப்பாக 2025 ஜூலையில் மீண்டும் வெளியிடப்பட்டது. காட்சித் தெளிவைக் கூட்டுவதும் புதிய கருவிகளில் ஓடச் செய்வதுமே அப்பதிப்பின் நோக்கம். கதையைத் திருத்துவது அன்று. விரிவாக்கங்களும் அதனுடன் சேர்த்தே தரப்பட்டுள்ளன. ஆகவே 2006இல் ஆடியவர் ஓராண்டு காத்திருந்து பெற்ற முற்றை, இன்று விவேக் நகரில் புதிதாக ஆடத் தொடங்கும் ஒருவர் அதே இரவில் பெறலாம். கூரை சரிந்து பெயர்கள் ஓடி முடிந்தபின், ‘முடிஞ்சிருச்சு’ என்று கணினியை அணைத்துவிடாமல், பட்டியலில் அடுத்து இருப்பதையும் அவர் திறக்க வேண்டும்.